கயிற்றுக்குள் நுழைந்த பொன்னாடை

அன்பு மகள் எழிலே! இக்கடிதம் தொழிற்சங்க அலுவலகச் சுவரில் ஒட்டப்படும்போது நின்று வாசிக்கப்போகும் தோழர்களே, தாய்மார்களே! நம் மலைநாட்டுப் பெண் ஒருத்திக்கு ஒரு முறைகேடு இழைக்கப்பட்டிருக்கிறது. நுவரெலியா நாய்க் கண்காட்சியில், நடுவராவதற்கான செய்முறைத் தேர்வில் அவள் கலந்துகொண்டாள். ஏழு மாதங்களாக அவளுடைய முடிவு உறைக்குள் கிடக்கிறது. இதற்குக் காரணமானவர்கள் யார் என்று மே நாள் மேடையில் நான் முழங்கினேன். நீங்கள் கைதட்டினீர்கள். அன்று நான் விரல் நீட்டிய திசை தவறானது. அந்த முறைகேட்டைச் செய்தவன் அவளைப் பெற்றவன். அதாவது, நான்.

எழில், உனக்குத் தனியாக எழுதியிருக்கலாம் என்று நீ நினைப்பாய். ஊரறியப் பொய் சொன்னவன் உண்மையை மட்டும் உறைக்குள் ஒட்டி அனுப்பக் கூடாது. ஆகவே இது சுவருக்கும் போகிறது, உன் கைக்கும் வருகிறது. எனக்கு இப்போது தொண்டை சரியில்லை. அட்டனிலும் தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் ஒலிவாங்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசிய குரல், இன்று உன் அம்மாவை அடுத்த அறையிலிருந்து அழைக்கவும் போதவில்லை. அந்தக் களைப்பு தொண்டையில் மட்டும் இருந்திருந்தால் கசாயம் குடித்து ஆற்றியிருப்பேன். நாற்பது ஆண்டுகள் பேசியவற்றுள் எத்தனை சொல் உண்மையாகவே தேவைப்பட்டது என்று எண்ணத் தொடங்கிய நாளிலிருந்து வந்த களைப்பு இது. எண்ணிப் பார்த்தால் கைக்கு மிஞ்சுவது மிகக் குறைவு. நீ என்னிடம் கேட்டது ஒரே ஒரு வரி. அதை எழுத எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

நுவரெலியாவில் கால்நடை மருத்துவரின் நாய்க் காப்பு விடுதியில் உதவியாளராக நீ சேர்ந்தபோது நான் மகிழ்ந்தேன். மூன்றாம் ஆண்டில் ஒரு மாலை, தூய இன நாய்களுக்கு நடுவராகப் பயிலப்போகிறேன் என்று நீ சொன்னபோது எனக்குச் சினம் மூண்டது. பிறப்பினால் உயர்வு தாழ்வு பேசுவதை எதிர்த்தே வாழ்ந்தவன் நான். என் மகள் நாய்க்குக் குலம் பார்ப்பதா என்று சோற்றுத் தட்டின் முன் அமர்ந்து கால் மணி நேரம் பேசினேன். நீ சோறு ஆறும்வரை கேட்டுக்கொண்டிருந்தாய். பிறகு சொன்னாய்: "அப்பா, பொறப்புக்குக் காகிதம் இருக்கு. அந்தக் காகிதத்த நடுவர் பார்க்கவே கூடாது. நாயோட பேரு, அதோட அப்பன் பேரு, ஓனர் பேரு ஒண்ணும் எங்களுக்குத் தெரியக் கூடாது. முன்னால நிக்கிறத மட்டுந்தான் பார்க்கணும்." உன் அம்மா அடுப்படியிலிருந்து, "அப்ப ஒங்க சங்கத்தவிட நாய்க்கூட்டம் மேல் போல இருக்கே" என்றாள். நான் அன்று அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன்.

நீ பயின்றதை நான் பார்த்திருக்கிறேன். கண்காட்சிகளில் இரண்டு ஆண்டுகள் நாய்களை வரிசைப்படுத்தி நிறுத்தும் பணியாளாக நின்றாய். மூத்த நடுவர்கள் முடிவு சொல்வதற்கு முன்பே உன் தாளில் உன் வரிசையை எழுதி, காரணத்தையும் எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பாய். ஊருக்கு வரும் நாளில் தூய இனத்துக்கு எங்கே போவது? தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் திரியும் நாய்களைப் பிடித்து நிறுத்துவாய். முதலில் கையின் புறத்தை முகரக் கொடுப்பாய். பிறகு உதட்டைத் தூக்கிப் பல் பார்ப்பாய், கண்ணை மூடிக்கொண்டு தோள் எலும்பைத் தடவுவாய், விலாவை எண்ணுவாய், வாலின் அடியைப் பிடித்துப் பார்ப்பாய். தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலையிறங்கும் பெண்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "என்னா எழிலு, நாய்க்கு வைத்தியமா, சோசியமா?" என்று ஒருத்தி கேட்க, "ரெண்டும் இல்ல அக்கா, பொண்ணு பாக்குறா" என்று இன்னொருத்தி சொல்ல, சிரிப்பு அந்த மலையை ஒரு சுற்றுச் சுற்றும். ஆண் நாயாக இருந்தால் இரண்டு விதையும் இறங்கியிருக்கின்றனவா என்று தொட்டுப் பார்ப்பதும் நடுவரின் கடமை என்று நீ சொன்ன நாளில், நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். உன் அம்மா சிரித்துச் சிரித்து இருமினாள்.

சங்க அலுவலகத்தில் படுத்துக் கிடக்கும் நாய் மணியை நடத்திக் காட்ட ஆள் வேண்டும் என்று என்னைக் கயிறு பிடிக்க வைத்தாய். நேரே போய்த் திரும்பி உன்னை நோக்கி வர வேண்டும். நான் இரண்டு அடி வைத்ததும், "அப்பா, மேடையில நடக்குற மாதிரி நடக்காதீங்க. உங்களப் பார்க்க யாரும் வரல. நாய நடக்க விடுங்க" என்றாய். அதன்பின் மணியைப் பற்றி மூன்று வாக்கியம் சொல்லச் சொன்னாய். நடுவர்கள் அப்படித்தான் மதிப்புரை எழுத வேண்டுமாம். நான் சொன்னேன். நன்றியின் வடிவம் என்றேன், மலையகத்தின் காவல் என்றேன், ஏழையின் வாயிலில் எரியும் விளக்கு என்றேன். நீ தாளில் எதுவும் எழுதாமல் என்னையே பார்த்தாய். "இதுல நாய் எங்கப்பா?" என்றாய். பிறகு நீயே எழுதினாய்: நெஞ்சு அகலம் போதாது, பின்கால் வலிமையானது, நடக்கையில் இடது முன்கால் உள்நோக்கித் திரும்புகிறது. ஆறு ஆண்டுகளாக அந்த நாய்க்குச் சோறு வைத்தவன் நான். அதன் இடது முன்கால் திரும்புவதை அன்றுதான் பார்த்தேன்.

நடுவர் பார்க்கக் கூடாதது ஒன்று உண்டு என்று நீ சொல்வாய்: கயிற்றைப் பிடித்திருப்பவரின் முகம். நாயைப் பார்க்கத் தொடங்கி முகத்தைப் பார்த்துவிட்டால், அதன்பின் கண் நாயிடம் திரும்பாதாம். இதைக் கேட்டபோது எனக்கு ஒரு பழைய நாள் நினைவுக்கு வந்தது, உன்னிடம் சொல்லவில்லை. உனக்கு அப்போது பத்து வயதிருக்கும். லிந்துலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். உன்னையும் கூட்டிப்போனேன். லயத்துப் பெண் பிள்ளை ஒருத்தி, ஒரு சொல்லும் வீணாகாமல் பேசினாள். அவளுக்குப் பின் வந்த பையன் என் பெயரைச் சொல்லி, என்னை மலையகத்தின் முரசு என்று புகழ்ந்து தொடங்கினான். வாசலில் எனக்கு மாலை போட்டவரின் பிள்ளை அவன். முதற்பரிசு அவனுக்குப் போயிற்று. திரும்பி வரும் பேருந்தில் நீ கேட்டாய்: "அப்பா, அந்த அக்காதானே நல்லாப் பேசுனாங்க?" உனக்கு விளங்காது என்றேன். உனக்கு விளங்கியிருந்தது, மகளே. விளங்கியதனாலேயே கேட்டாய். அந்தப் பெண் பிள்ளை அதற்குப் பிறகு மேடை ஏறினாளா, கொழுந்துக்குப் போனாளா, நான் விசாரித்ததே இல்லை.

இனி, ஏப்ரல் மாதத்துக்கு வருகிறேன். அது நுவரெலியாவின் வசந்த காலம். பூக்களும் குதிரைகளும் கொழும்புக்காரர்களும் நிறையும் காலம். உன் தேர்வு அந்தக் கண்காட்சியில் நடந்தது. ஆறு லேப்ரடோர் நாய்களை நீ தனியாகப் பார்த்து வரிசைப்படுத்த வேண்டும். தேர்வாளர்கள் இருவர் ஓரத்தில் நாற்காலியிட்டு உன்னைப் பார்ப்பார்கள். வரவேண்டாம் என்று நீ என்னிடம் சொல்லவில்லை. "வந்தா தூரமா நின்னு பாருங்க, கைதட்டாதீங்க" என்று மட்டும் சொன்னாய். நான் வெள்ளை வேட்டியும் சால்வையுமாக வந்தேன். வாயிலில் நம் தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் நின்றிருந்தார். கையில் ஒரு பை. தோட்ட முகாமையாளரான தொரையின் கறுப்பு லேப்ரடோரும் போட்டியில் நிற்கிறது என்று அவர்தான் சொன்னார். பையைத் திறந்து, சரிகைக் கரை போட்ட பொன்னாடை ஒன்றை எடுத்தார். "தலைவரே, நம்ம தோட்டத்துப் புள்ள நடுவரா நிக்குது. தொரையே ஆசப்பட்டு வாங்கியாரச் சொன்னாரு. ஒங்க கையால போடுங்க" என்றார். "தொரை ஏன் போடல?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அவரு நாய் உள்ள நிக்குதே தலைவரே, அவரு போட்டா நல்லாவா இருக்கும்?"

அந்தச் சிரிப்பு எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று இத்தனை மாதம் சொல்லிவந்தேன், இப்போது சொல்லமாட்டேன். குழந்தைகளைப் பகலில் விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவின் கூரை ஒழுகுவதைப் பற்றி அந்த வாரந்தான் தொரையோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது. கைக்குழந்தைகளை விட்டுவிட்டு மலைக்குப் போகும் தாய்மாருக்காக இந்தச் சிறு வளைவு தகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. பொன்னாடையைக் கையில் வாங்கியபோது என் மனத்தில் பிள்ளைக்காம்பரா இருக்கவில்லை. மகளுக்குத் தந்தை பொன்னாடை போர்த்தும் படம் இருந்தது. அது நாளிதழில் எந்தப் பக்கத்தில் வரும் என்ற எண்ணம் இருந்தது. நாற்பது ஆண்டுகளில் எத்தனை பொன்னாடை போர்த்தியிருப்பேன், எத்தனை என் தோளில் விழுந்திருக்கும்! அவற்றில் ஒன்றையாவது யார் வாங்கியது என்று நான் கேட்டதில்லை. மேடைப் பழக்கம் அப்படி. துணி ஒருவருடையது, கை இன்னொருவருடையது, படம் மூன்றாமவருடையது. கேட்பது நாகரிகமில்லை என்று நாங்கள் ஒருவருக்கொருவர் கற்பித்திருந்தோம்.

கயிறு கட்டிய சதுரத்துக்குள் நீ ஆறு நாய்களையும் தொட்டுப் பார்த்து முடித்தாய். ஒவ்வொன்றையும் நடத்திப் பார்த்தாய். பிறகு நடுவில் வந்து அசையாமல் நின்றாய். கூட்டம் அமைதியானது. மேடையில் ஒருவர் பேசாமல் நின்றால் அவர் பேசி முடித்துவிட்டார் என்று பொருள். அந்த இடைவெளியில்தான் மாலை போடுவோம், பொன்னாடை போர்த்துவோம். உன் வேலை அந்த அமைதியில்தான் நடக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. கயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே வந்தேன். தேர்வாளரான அம்மையார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, "கவுத மே?" என்று சிங்களத்தில் கேட்டது காதில் விழுந்தது. யார் இது என்று கேட்கிறார், சொல்வோம் என்று எண்ணினேன். நான் பொன்னாடையை விரித்து உதறியதும், சரிகை வெயிலில் மின்னியதில் கடைசியில் நின்ற இளம் நாய் மிரண்டு கயிற்றோடு பாய்ந்தது. நீ திரும்பினாய். என் கை உன் தோளில் இருந்தது. "அப்பா, வெளிய போங்க" என்றாய், உதடு அசையாமல். நாணம் என்று நினைத்துக்கொண்டு கூட்டத்தை நோக்கிக் கைகூப்பினேன். அப்போது ஓரத்திலிருந்து கிளாக்கர் எல்லோருக்கும் கேட்கும்படி கைதட்டி, "நம்ம தொரை குடுத்த பொன்னாட!" என்றார்.

அவர் தமிழில் சொன்னதை அந்தத் திடலில் எத்தனை பேர் புரிந்துகொண்டார்களோ, எனக்குத் தெரியாது. தேர்வாளர்களுக்குப் பக்கத்தில் நின்ற பணியாளர் ஒருவர் குனிந்து மொழிபெயர்த்ததை மட்டும் பார்த்தேன். நீ பொன்னாடையை எடுத்தாய். நான்காக மடித்தாய். நாய்களை வரிசைப்படுத்தும் பணியாளரின் கையில் கொடுத்தாய். மிரண்ட நாய் அமைதியாகும்வரை காத்திருந்தாய். பிறகு விரலை நீட்டினாய்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தொரையின் நாய் நான்காவது. மயிர் பளபளப்பு, சதை மிகுதி. அந்தச் சதை நேராக நிற்கும் தோளை மறைக்கிறது. தோளில் சாய்வில்லாததால் முன்னடி குட்டை. இதை நீ உன் மதிப்புரையில் எழுதியிருந்ததைப் பின்னர்தான் வாசித்தேன்.  எழுத்தில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

தொரை என்னைப் பார்க்காமல் வண்டி ஏறினார். பிள்ளைக்காம்பராவைப் பற்றிய பேச்சு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிற்று. அடுத்த வாரம் அதற்கடுத்த வாரமாயிற்று. காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்க நிற்கும்போது லயத்தார் வாய் சும்மா இருக்குமா? "ஒரு நாய முன்னால நிப்பாட்டியிருந்தா நம்ம புள்ளைங்க நனையாம தூங்கியிருக்கும்" என்று, அவ்வழியே பேருந்துக்குப் போன உன் காதுபடச் சொன்னார்கள். தோழர்களே, அதைச் சொன்னவர்களும் இதை வாசிக்கிறீர்கள். நான் அங்கேதான் நின்றேன். ஓராயிரம் பேரின் கூச்சலை ஒரு சொல்லால் அடக்கியவன், அன்று என் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

கண்காட்சிக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. அதில் உன்மீது குற்றம் எதுவும் இல்லை. பொன்னாடை போர்த்தியவர் யார், அது யாருடையது, பயிலும் நடுவருக்கு அது முன்பே தெரியுமா என்பதைப் போர்த்தியவரே எழுதித் தர வேண்டும். கிடைக்கும்வரை முடிவு நிறுத்திவைக்கப்படும் என்றது. இதைவிட நேர்மையாக யாரும் கேட்க முடியாது. நானோ அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மே நாள் மேடை ஏறினேன். தோட்டத்தில் பிறந்தவள் நடுவர் நாற்காலியில் அமர்வதைப் பொறுக்காத கூட்டம் என்றேன். தமிழச்சியின் தோளில் விழுந்த பொன்னாடை அவர்கள் கண்ணை உறுத்துகிறது என்றேன். கைதட்டல் ஓய நெடுநேரம் ஆயிற்று. வீட்டுக்கு வந்தால் நீ அடுப்படியில் நின்றிருந்தாய்.

"அப்பா, அவங்க என்னைய ஒண்ணுமே சொல்லல. உங்களத்தான் கேட்டாங்க. ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்."

"நான் எழுதுறதா? அவனுங்களுக்கா?"

"அவங்களுக்கு இல்ல, எனக்கு."

"தொரைகிட்ட துணி வாங்குனேன்னு என் கையால எழுதச் சொல்றியா? சங்கத்துல நான் எப்படிம்மா நிக்கிறது?"

 பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாய். இரண்டாம் முறை ஆடி மாதத்தில் கேட்டாய், பார்க்கலாம் என்றேன். மூன்றாம் முறை நீ கேட்கவே இல்லை. வெள்ளைத் தாள் ஒன்றையும் எழுதுகோலையும் மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாய். எதற்கு என்று எனக்குத் தெரியும். மாலையில் நீ வந்து பார்த்தபோது அந்தத் தாள் நிறைய எழுத்து இருந்தது. நீ ஆவலோடு எடுத்ததை உன் அம்மா பார்த்திருக்கிறாள். கினிகத்தேனையில் நடக்கவிருந்த கூட்டத்தில் நான் பேசவேண்டியவற்றின் குறிப்பு அது. நீ அதை வாசித்து முடித்து, மடிக்காமல், இருந்த இடத்திலேயே வைத்தாயாம். அடுத்த மாதம் மருத்துவர் விடுதியை விட்டாய். கொழும்பில் துணிக்கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லிப் புறப்பட்டாய். நாய்களைப் பற்றிய புத்தகங்களைக் கட்டி அலுமாரியின் மேல் ஏற்றினாய். நான் பேருந்து நிறுத்தம்வரை வந்து, பெருமையோடு இரு என்றோ ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது எனக்கே நினைவில்லை.

சென்ற வாரம் குழுவிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. இந்த வெள்ளிக்கிழமையோடு இவ்வாண்டின் கோப்புகளை மூடுகிறார்கள். விளக்கம் வராவிட்டால் உன் பெயரை நீக்கிவிடுவார்கள். பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கொழுந்து பறித்துக் கறுத்த விரல்களைப் பார்த்தபடி சொன்னாள்: "ஊருக்கெல்லாம் பேசுனீங்க. புள்ளைக்கு ஒரு வரி எழுத ஒங்களுக்குக் கை வரல. அவ ஒங்ககிட்ட கோவிச்சுக்கிட்டுப் போகலங்க. ஒங்களக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு போயிருக்கா." எழில், இந்த ஏழு மாதத்தில் என்னைத் தைத்த சொல் அது ஒன்றுதான். நீயே குழுவிடம் போய், இது என் தந்தை செய்தது, தொரையின் துணி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை நான் உன் பிடிவாதம் என்று எண்ணியிருந்தேன்.

மறுநாளே பெரிய கிளாக்கரைப் பார்த்து, எழுதப்போகிறேன் என்றேன். "வேணாம் தலைவரே, ஒங்களுக்கும் கேவலம், எங்களுக்கும் கேவலம். இன்னும் ஒரு வருசத்துல எல்லாரும் மறந்துருவாங்க" என்றார். மறப்பார்கள்தான். அந்த ஒரு வருடம் யாருடையது என்று கேட்டேன். அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். சங்கத்தில் என் நாற்காலிக்குக் காத்திருப்பவர்கள் இக்கடிதத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். பிள்ளைக்காம்பராவின் கூரைக்கு இனி வேறொருவர் போய்ப் பேசட்டும். துணி வாங்காத கை அதற்கு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயில் திடலில் நடக்கும் கூட்டத்தில் இதை நானே வாசிப்பேன். குரல் போதாவிட்டால் நெருங்கி வந்து கேட்கட்டும்.

அறிவுரை சொல்லும் தகுதி எனக்குக் குறைந்துவிட்டது. ஆனாலும் தந்தைக்கு வாய் சும்மா இருக்காது. நீ நடுவராக நிற்கும் நாள்களில் பகைவன் கயிற்றைத் தாண்டமாட்டான். அவனுக்கு அச்சம் இருக்கும். தாண்டுகிறவன் உனக்கு வேண்டியவனாக இருப்பான். கையில் மாலையோடும் முகத்தில் மகிழ்ச்சியோடும் வருவான். உன்னைப் பெருமைப்படுத்தவே வந்தேன் என்பான். அதை அவனே நம்பவும் செய்வான். அவனை வெளியே அனுப்பு. உரக்கச் சொல்லி அனுப்பு. அன்று என்னிடம் உதடு அசையாமல் சொன்னாயே, அந்தக் கனிவு எனக்குத் தகுதியற்றது. கூட்டம் கேட்கச் சொல்லியிருந்தால் நான் வெளியேறியிருப்பேன், உனக்கும் ஏழு மாதம் மிஞ்சியிருக்கும். இன்னொன்று: முதலிடத்துக்குத் தகுதியான நாய் ஒன்றும் இல்லையென்றால் முதற்பரிசை நிறுத்திவைக்கும் உரிமை நடுவருக்கு உண்டு என்று நீ ஒருமுறை சொன்னாய். கூட்டம் முணுமுணுக்கும், வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் செய்யலாம் என்றாய். நான் ஒருநாளும் வெறுங்கையோடு ஒரு கூட்டத்தை அனுப்பியதில்லை. கொடுக்க உண்மை இல்லாத நாளில் முழக்கத்தைக் கொடுத்தனுப்பினேன். நீ அந்த உரிமையை விட்டுவிடாதே.

இனி, நீ கேட்ட வரி. ஒன்றுக்கு ஏழாக எழுதியிருக்கிறேன்:

ஏப்ரல் கண்காட்சியில் என் மகள் நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எவர் இசைவும் பெறாமல் கயிற்றைத் தாண்டிச் சென்று அவள் தோளில் பொன்னாடை போர்த்தியவன் நான். அந்தப் பொன்னாடை எங்கள் தோட்ட முகாமையாளர் வாங்கியது. அவருடைய கிளாக்கரிடமிருந்து நான் பெற்றேன். முகாமையாளரின் நாய் அப்போட்டியில் நிற்பதை அறிந்தே பெற்றேன். என் மகளுக்குப் பொன்னாடையைப் பற்றி எதுவும் முன்கூட்டித் தெரியாது. கண்காட்சிக் குழுவைப் பற்றி மே நாளில் நான் பேசியவை உண்மைக்கு மாறானவை. அவற்றைத் திரும்பப் பெறுகிறேன்.

இதன் கீழ் என் கையொப்பம் இருக்கிறது. உன் அம்மாவும் சாட்சியாகக் கையெழுத்திட்டிருக்கிறாள். தனித் தாளில் எழுதிய மூலமும் குழு அனுப்பிய படிவமும் ஒரே உறையில் கொழும்புப் பேருந்தின் நடத்துநர் கையில் வருகின்றன. தேர்வு முடிவைத் திறந்து தரும்படி கேட்கும் அந்தப் படிவத்தில் தேர்வில் கலந்துகொண்டவர்தான் கையொப்பமிட வேண்டும். கொழும்பிலுள்ள குழு அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டும். அதை நானோ அம்மாவோ வேறு யாருமோ செய்ய முடியாது. இன்று புதன்கிழமை. இக்கடிதத்தின் படம் இன்றிரவே உன் கைபேசிக்கு வந்துவிடும். நாளைக் காலை பேருந்து நிலையத்துக்குப் போய் உறையை வாங்கு. கடை முதலாளியிடம் அரை நாள் கேள். தரமாட்டார் என்றால் கேட்காமலே புறப்படு. என் பெயர் என்ன ஆகும் என்று யோசித்துப் படியில் நிற்காதே. அப்பாவை மன்னிக்க மனம் வரட்டும், பிறகு போகலாம் என்றும் காத்திராதே. அதற்கு உனக்கு ஆண்டுகள் இருக்கின்றன, படிவத்துக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. மன்னிக்காமலே போ, மகளே. கையொப்பமிட்டுக் கொடு. எழு.